மேற்குச் சுவரில் எட்டுப் பேர்

அந்தப் பொருளைப் பார்த்தவள் நான். எங்கள் மாடியில் அதை முழுசாகப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்த விசாரணையிலும் சரி, டிவியிலும் சரி, எங்கள் வீட்டு ஹாலில் நடந்த பஞ்சாயத்திலும் சரி, என் பெயர் வரவேயில்லை. அதன் வாலைக்கூடச் சரியாகப் பார்க்காத எட்டு ஆண்கள் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள். பார்த்தவள் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு மாடம்பாக்கத்தில் இருக்கிறது. எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்க்காவிட்டால் தெருவிலேயே உயரமான மாடி எங்களுடையதுதான். என் மாமனார் மைதீன் பிச்சை எங்கள் ஜமாத்தின் பிறைக் கமிட்டிச் செயலாளர். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் கமிட்டி ஆட்கள் எங்கள் மாடிக்கு வந்து, பைனாகுலரும் கையுமாக மேற்கே பார்த்து நிற்பார்கள். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது.

மேற்கே என்ன இருக்கிறது என்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானப்படைத் தளம் இருக்கிறது. தளத்தை அங்கே வைத்தது நாங்கள் இல்லை. பிறையை மேற்கே வைத்ததும் நாங்கள் இல்லை.

சம்பவம் நடந்த இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஆண்கள் மாடியில் கூடியிருந்தார்கள். நான் நோன்புக் கஞ்சியையும் வடையையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். பெண்கள் நிற்கிற இடம் என்று எங்கள் மாடியில் ஒன்று உண்டு. தண்ணீர் டேங்குக்கும் மாடிப்படி அறைக்கும் நடுவில் உள்ள சந்து. பிறை பார்க்கப் பெண்களுக்குத் தடை இருக்கிறதா என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். "தடைலாம் இல்லம்மா, வழக்கம் இல்ல" என்றார்.

சந்துக்குள் என் கொழுந்தன் அசார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கல்யாண வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் வீடியோ எடுப்பதுதான் அவன் தொழில். அன்று பகல் முழுக்க மறைமலை நகரில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஆண்டுவிழாவை வெயிலில் நின்று எடுத்துவிட்டு வந்திருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணி, தலை சுத்துது. கண்ணு இருட்டிக்கினு வருது."

"பாங்கு சொல்லப் போறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"முடியல அண்ணி."

அவன் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து வாயில் வைத்தான். நான் தடுக்கவில்லை. மயங்கி விழப் போகிறவனுக்கு நோன்பை விட அனுமதி இருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு கையில் கஞ்சி டம்ளரைக் கொடுத்தேன். இன்னொரு கையில் பாதி வடை. அவனை அப்படி விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

தெற்கே, வண்டலூர்ப் பக்கமிருந்து வந்தது. உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை, அடியில் கொஞ்சம் சூம்பியிருந்தது. இறங்கும் வெயில் பட்டு எவர்சில்வர் குடம் போலப் பளபளத்தது. சத்தமே இல்லை. தளத்துக்கு மேலே வந்ததும் நின்றது. நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது. சுற்றும்போது ஒரு பக்கம் கறுப்பாக ஏதோ எழுத்து மாதிரி தெரிந்து மறைந்தது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி திருநீர்மலைப் பக்கம் நகரத் தொடங்கியது.

"மேல பாருங்க, வடக்க பாருங்க" என்று நான் கத்தினேன். பிறைக்காக அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பினார்கள். யார் என்ன பார்க்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் அது வடக்கே இருந்த தென்னைகளுக்குப் பின்னால் போயிருந்தது. கறிக்கடை மஹீன் பாய் மட்டும் "இன்னாவோ ஒண்ணு மின்னிச்சு" என்றார். பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் பிறையை மேகம் மறைத்துவிட்டது. வேறு ஊரில் தெரிந்ததாகச் செய்தி வந்து, மறுநாள் பெருநாள் என்று முடிவானது.

அதோடு விட்டிருக்கலாம். மாமா விடவில்லை. "தளத்துக்கு மேல ஒரு பொருள் நின்னிருக்கு. பார்த்தவங்க சொல்லலைன்னா அது தப்பு. நாட்டுக்குச் செய்யற கடமை" என்று அவரே போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். பேசும்போது தன் பெயர், பதவி, ஜமாத்தின் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெருமை குரலில் தெரிந்தது.

போன் போட்ட கையோடு அவர் இன்னொன்றும் செய்தார். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து வாக்குமூலத்தை ஒன்றாக்கினார். இது எங்கள் கமிட்டியின் பழக்கம். ஒரு வருஷம் பிறை பார்த்த இருவரில் ஒருவர் பிறைக் கொம்பு இந்தப் பக்கம் என்றும் மற்றவர் அந்தப் பக்கம் என்றும் சொல்லப்போய், பிறையை முடிவு செய்கிற பெரிய ஹஜ்ரத் முன்னால் தலைகுனிய வேண்டியதாகிவிட்டதாம். அன்றிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து, என்ன திசை, என்ன உயரம், யார் எங்கே நின்றார்கள் என்று பேசித் தீர்த்து, ஒரே வாயாகச் சொல்லுவார்கள். ஒரே வாயாகச் சொன்னால்தான் உண்மை என்பது அவர்கள் எண்ணம்.

"வெள்ளி நிறம். தெற்கிலிருந்து வடக்கு. பனைமரத்துக்கு மேல ரெண்டு பனை உயரம்" என்று மாமா சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். இவை எல்லாமே நான் கஞ்சி ஊற்றும்போது சொன்னவை. பனைக் கணக்கு மட்டும் அவர்களுடையது.

"எட்டு பேரும் மேற்குச் சுவர் ஓரமா நின்னோம்னு போட்டுக்கலாம்" என்றார் மாமா.

மஹீன் பாய் யோசித்தார். "அசார் எங்க நின்னான் பாய்? நான் கண்டுக்கலியே."

"என் பக்கத்துலதான் நின்னான்" என்றார் மாமா. கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அசார் என்னைப் பார்த்தான், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். செயலாளர் மகன் பாங்குக்கு முன்னால் நோன்பை விட்டான் என்று ஜமாத்துக்குத் தெரிந்தால் மாமா எப்படி வெளியே தலைகாட்டுவார். சரி, ஒரு வடை விஷயம்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வடையை ராணுவத்திடமிருந்து மறைத்தார்கள்.

மறுநாள், பெருநாள் தொழுகை முடிந்து பிரியாணி இறக்குகிற நேரத்தில், விசாரணைக் குழு வந்தது. சத்யநாராயணன் என்று ஒரு விங் கமாண்டர், கூட இரண்டு பேர். பொருள் நின்ற நேரத்தில் ஒரு பயிற்சி விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அக்கறை என்று சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. எட்டுப் பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து எழுதி வாங்கினார். எட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. மாமாவுக்கு முகமெல்லாம் திருப்தி. அந்த அதிகாரி எட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

பிறகு கேட்டார். "பைனாகுலர் எதுக்கு பாய்?"

"பிறை பார்க்க சார்."

"தளத்தைப் பார்த்துக்கிட்டா?"

"மேற்கைப் பார்த்து சார்" என்றார் மாமா. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பொறுப்பாகப் போன் போட்டுச் சொன்னவரிடம், சொன்னதைப் பற்றிக் கேட்காமல், சொன்னவரைப் பற்றிக் கேட்கிறார்கள்.

"வேற யாராவது பார்த்தாங்களா?" என்று அதிகாரி கேட்டபோது நான் டீத் தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தேன். என் கணவர் உஸ்மான் குறுக்கே கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். "இல்ல சார், வேற யாரும் இல்ல" என்றார். அன்று இரவு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன். "மிலிட்டரி விசாரணைல உன் பேரு எதுக்கு மெஹ்னாஸ்? நாளைக்கு கூப்பிட்டு கூப்பிட்டு அனுப்புவான்" என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம்.

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோ வந்தது.

எதிர்க் குடியிருப்பில் இருக்கும் எட்மண்ட் சாரின் மகள் ஜென்சி தன் பால்கனியிலிருந்து எடுத்தது. வானத்தில் மின்னியதைப் பார்த்துச் சட்டென்று எடுத்திருக்கிறாள், கல்லூரி நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அது எங்கெங்கோ சுற்றி ஒரு செய்தி சேனலுக்குப் போய்விட்டது. மேல்பாதியில் அந்தப் பொருள் புள்ளியாகத் தெரிந்தது. கீழ்ப்பாதியில் எங்கள் மாடி. சேனல்காரன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். வட்டம் வானத்தில் இருந்த பொருளைச் சுற்றி இல்லை. எங்கள் மாடியில் தொப்பி போட்டு நின்ற ஆட்களைச் சுற்றி இருந்தது. 'தளத்தை நோட்டமிட்டது யார்?' என்று கீழே எழுத்து ஓடியது.

பறந்து வந்தது எது என்று எவனும் கேட்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் யார் என்று ராத்திரி முழுக்க விவாதம் செய்தார்கள். டிவியை நான்தான் அணைத்தேன். அணைக்கும்போது ரிமோட்டை எறிந்துவிட்டேன், அது உடைந்துவிட்டது. அதற்கு எனக்கு வருத்தமில்லை.

எட்மண்ட் சாரும் அவர் மனைவி அமலராணி டீச்சரும் ஜென்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "நான் மேல இருக்கறதைத்தான் எடுத்தேன் அக்கா. உங்களை எடுக்கணும்னு எடுக்கல" என்றாள். அவளை நான் என்ன சொல்வது. உட்கார வைத்து ஷீர் குருமா பாயசம் கொடுத்தேன்.

வீடியோவில் இன்னொன்றும் இருந்தது. அதை டிவிக்காரன் கவனிக்கவில்லை, விங் கமாண்டர் கவனித்துவிட்டார். மேற்குச் சுவர் ஓரம் நின்றது ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. அந்த ஏழு பேரில் ஆறு பேர் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் வானத்துக்கு முதுகைக் காட்டி, டேங்க் பக்கம் பார்த்து நிற்கிறார். முகம் மங்கலாக இருந்தது, யார் என்று தெரியவில்லை.

அசாரைக் கூப்பிட்டு விட்டார்கள். காலையில் போனவன் சாயங்காலம் வந்தான். அவனிடம் ட்ரோன் ஒன்று இருக்கிறது, உரிமத்தோடு வாங்கியது. தாம்பரத்தில் அதைப் பறக்கவிடக் கூடாது என்று தெரிந்தவன், வீட்டில் பெட்டியைக்கூடத் திறக்க மாட்டான். அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது பறந்ததாக அதில் பதிவு எதுவும் இல்லை. ஆனால் பதிவை அழிக்க முடியும், இன்னொரு ட்ரோனும் இருக்கலாம் என்றார்களாம். அவர்கள் கணக்கு நேராக இருந்தது. ட்ரோன் வைத்திருக்கிற ஒருவன், சம்பவ நேரத்தில் எங்கே இருந்தான் என்று தெரியவில்லை. எட்டுப் பேர் ஒரே வரியை எழுதி அவனும் கூட நின்றதாகச் சாதிக்கிறார்கள். ஒருவர் திரும்பி நின்று, மறைவில் இருக்கும் யாருக்கோ சைகை காட்டுகிறார். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"இன்னும் ஒரு தடவை மாடிக்கு வருவாங்களாம். அதுலயும் சரியா சொல்லலைன்னா போலீஸ்ல கேஸ் கொடுத்துடுவாங்களாம்" என்றான் அசார். ஊரில் செய்தி பரவி, மூன்று கல்யாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் 'சூழ்நிலை சரியில்லை தம்பி' என்று மெசேஜ் அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் ஹாலில் மறுபடியும் கமிட்டி கூடியது. நான் இந்த முறை அடுப்படியில் நிற்கவில்லை, ஹாலுக்கே வந்தேன்.

"மாமா, அசார் எங்க இருந்தான்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

"நீ சும்மா இரும்மா" என்றார் மாமா.

"ஜெயிலுக்குப் போறவரைக்கும் சும்மா இருக்கணுமா?"

"அண்ணி" என்று அசார் எழுந்தான். "வேணாம். அத்தா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்."

"கேஸ் ஆச்சுன்னா மட்டும் எப்படி முழிப்ப?"

மஹீன் பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடா நடக்குது இந்த வூட்ல? எட்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம், அதுக்கு மேல மிலிட்டரிக்கு இன்னா வோணுமாம்?" என்றார். பாவம், அவர் உண்மையாகவே கேட்டார். ஒரே மாதிரி சொன்னதுதான் குற்றம் என்று அவருக்கு யார் சொல்வது.

மாமா பேச்சை முடித்தார். "முதல்ல சொன்னதையே சொல்லுவோம். மாத்திச் சொன்னா இன்னும் சந்தேகம் வரும்." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கமிட்டி தலையை ஆட்டாத விஷயமே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு விங் கமாண்டர் வந்தார். நேராக மாடிக்குப் போனார். கமிட்டி ஆட்களை மேற்குச் சுவர் ஓரம் நிற்கச் சொன்னார். "அன்னைக்கு எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க." எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள், மாமா பக்கத்தில் அசார். அதிகாரி அந்த வீடியோவின் ஒரு படத்தை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"பாய், எங்க ஆளுங்க பத்து பேருக்கு ஒரு விமானத்தைக் காட்டினாலே பத்து விதமா சொல்வாங்க. நீங்க எட்டு பேரு ஒரு எழுத்து மாறாம சொல்றீங்க. படத்துல ஏழு பேர்தான் இருக்கீங்க. நான் என்ன நினைக்கிறது?"

நான் டீத் தட்டோடு மேலே வந்திருந்தேன். தட்டை டேங்க் மேடையில் வைத்தேன்.

"சார், பார்த்தது நான்" என்றேன்.

உஸ்மான் "மெஹ்னாஸ்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இவங்க யாரும் சரியா பார்க்கல. நான் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு பனை உயரம்லாம் சும்மா. அது இன்னும் மேல இருந்தது. அடிப்பக்கம் சூம்பி இருந்தது. நின்ன இடத்துல சுத்திச்சு. சுத்தும்போது ஒரு பக்கம் கறுப்பா எழுத்து தெரிஞ்சுது. இதெல்லாம் இவங்க எழுதலையே, ஏன்? ஏன்னா என்னை யாரும் கேட்கல."

அதிகாரி டேப்லெட்டைத் தாழ்த்தினார். "எழுத்தா? படிக்க முடிஞ்சுதா?"

"முடியல. இருந்தது தெரியும்."

"நீங்க எங்க நின்னீங்கம்மா?"

"இதோ, இந்தச் சந்துல. அசாரும் இங்கதான் இருந்தான். உட்கார்ந்திருந்தான். ஒரு கையில கஞ்சி, ஒரு கையில வடை. ட்ரோன் ஓட்டறதுக்கு மூணாவது கை வேணும் சார்."

மஹீன் பாய் திரும்பி அசாரைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பாங்குக்கு முன்னால் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அசார் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அவனுக்குத் தலை சுத்திச்சு. மயக்கம் வர்ற மாதிரி இருந்தது. அதுக்காகத்தான் இவ்வளவும் மறைச்சாங்க. உங்க தளத்தை யாரும் நோட்டம் விடல சார். இந்த வீட்டு மானத்தை ஒரு வடையிலேருந்து காப்பாத்திக்கிட்டு இருந்தாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்து அவர் கேட்டது பிடிக்கவில்லை.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்னு வச்சுக்கோங்க. நீங்க அவருக்கு அண்ணி. உங்க ஒருத்தர் வார்த்தையை வச்சு நான் முடிக்க முடியாது. வேற யாராவது பார்த்தாங்களா?"

கீழே ஹாலில் ஒரு பெண்ணின் வார்த்தை எடுபடவில்லை. மேலே மொட்டை மாடியில் சட்டை நிறையப் பட்டை குத்திய அதிகாரியிடமும் எடுபடவில்லை. பார்க்காத எட்டுப் பேருக்கு ஒரு காகிதம் போதும், பார்த்த ஒருத்திக்கு இன்னொரு ஆள் துணை வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையில் வந்த தண்ணீர் இல்லை அது.

"நான் பார்த்தேன்."

சொன்னது மாமா.

வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். பிறை பார்த்தேன் என்று பெரிய ஹஜ்ரத் முன்னால் சொல்லும்போது எப்படி நிற்பாரோ, அப்படி நின்றார். கை இரண்டும் பக்கத்தில், முதுகு நேராக.

"எழுதிக்கோங்க சார். வானத்துல போன எதையும் நான் பார்க்கல. இந்தப் பொண்ணு கத்தினப்ப எல்லாரும் மேல பார்த்தாங்க. நான் சத்தம் வந்த பக்கம் திரும்பினேன். என் மகன் சந்துல உட்கார்ந்து வடை தின்னுக்கிட்டிருந்தான். அப்ப பாங்கு சொல்லல. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, பார்க்காத மாதிரி மேற்கே திரும்பிக்கிட்டேன்."

அசார் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அத்தாவுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதிகாரி டேப்லெட்டை நீட்டினார். "அப்ப, திரும்பி நிக்கிற இந்த ஆள்?"

"நான்தான் சார். சைகைலாம் காட்டல. வாயில வச்சுட்டானேன்னு பார்த்தேன், அவ்வளவுதான்." பிறகு கமிட்டி ஆட்கள் பக்கம் திரும்பினார். "பக்கத்துல நின்னான்னு நான் சொன்னது பொய். உங்க எல்லாரையும் அந்தப் பொய்யில கையெழுத்துப் போட வச்சுட்டேன். இனிமே வேற ஆளைச் செயலாளரா பார்த்துக்கோங்க."

மகனைக் காப்பாற்ற மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டி வந்தது அந்த மனிதருக்கு. நாட்டுக்குக் கடமை செய்யப் போன் போட்டதற்குக் கிடைத்த பரிசு அது.

விங் கமாண்டர் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். மாமா நின்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். புதிதாக எழுதி இரண்டு கையெழுத்து வாங்கினார். என்னுடையது ஒன்று, மாமாவுடையது ஒன்று.

நான் சொன்ன எழுத்தை வைத்துத்தான் தேடியிருக்கிறார்கள். அடுத்த வாரம் திருநீர்மலைக்கு அந்தப் பக்கம், ஒரு ஏரிக்கரை முள்மரத்தில் அது கிடைத்தது. வண்டலூருக்கு அப்பால் மனை விற்கிற ஒரு கம்பெனியின் திறப்பு விழாவில் பறக்கவிட்ட ராட்சத வெள்ளி பலூன். கயிறு அறுந்து போய்விட்டதாம். பலூன் போன அன்றே அவர்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் மாடியை எவனும் வட்டம் போட்டுக் காட்டவும் இல்லை. அந்தக் கம்பெனியின் விளம்பரம் அதே சேனலில் இன்றைக்கும் வருகிறது.

ட்ரோன் திரும்பி வந்தது. விங் கமாண்டரே போனில் பேசி, "தகவல் சொன்னதுக்கு நன்றி பாய்" என்றார். மாமா "பரவாயில்ல சார்" என்றார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. சேனலில் ஒரு வரி மறுப்பு வரவில்லை. அந்த வீடியோ இன்னும் சுற்றுகிறது, சிவப்பு வட்டத்தோடு. போன கல்யாண வீடுகள் போனதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பார்க்க வேண்டிய நாள் வந்தது. கமிட்டி ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டு ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். மாடியில் நிற்க எல்லோருக்கும் பயம். மஹீன் பாய் மட்டும் வந்தார், தொப்பியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பாய், தொப்பியைப் போடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கும்மா வம்பு."

"போடுங்க பாய்."

போட்டுக்கொண்டார். அசாரும் வந்து நின்றான். மாமா பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினார். நான் வழக்கம்போல் சந்தில் நின்றிருந்தேன்.

"அங்க இன்னும் என்னம்மா வேலை உனக்கு? இங்க வா. கண்ணு நல்லா இருக்கறவ நீதானே" என்றார்.

நான் மேற்குச் சுவருக்கு வந்தேன். வெயில் போய், தளத்தின் மேலே வானம் செம்மையாக இருந்தது. மாமா கொடுத்த பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தேன். மேகத்துக்குக் கீழே, வெட்டிப் போட்ட நகம் மாதிரி, இருந்தது.

"இருக்கு மாமா. கொம்பு இடது பக்கம் சாஞ்சிருக்கு."

மாமா வாங்கிப் பார்த்தார். உடனே தலையாட்டவில்லை, நன்றாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் "ஆமா" என்றார். பெரிய ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். "முதல்ல பார்த்தது என் மருமக மெஹ்னாஸ். ரெண்டாவது நான்" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "வழக்கம் இல்லதான். ஆனா பார்த்தது அவதான்" என்றார்.

அப்போதுதான் பின்னால் திரும்பினேன். எதிர்க் குடியிருப்புப் பால்கனியில் ஜென்சி நின்றிருந்தாள். கையில் போன். வானத்தைப் பார்த்துத் தூக்கியவள், எங்களைக் கண்டதும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எடு ஜென்சி" என்று நான் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்களை மட்டும் எடுக்காத. நாங்க எதைப் பார்க்கறோமோ, அதையும் சேர்த்து எடு."